நாய்க்குப் பேசும் பட்டன் வாங்கலாமா? ஆறு பட்டனும் எங்கள் மணியும்

நாய் காலால் அமுக்கினால் நாம் பதிந்து வைத்த சொல்லைத் திருப்பிச் சொல்லுமே, அந்தப் பட்டன் செட்டைப் பற்றி நிறைய பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். வாங்கலாம். ஆனால் பெட்டியில் அச்சடித்திருக்கிற காரணத்துக்காக வாங்காதீர்கள். நாயின் மனதில் இருப்பதை இனி நேரடியாகக் கேட்கலாம் என்கிற தோரணையில் பெட்டி முழுக்க வாசகம், அதெல்லாம் சும்மா. உங்கள் நாய் எதைக் கவனிக்கிறது, எதை வைத்து முடிவெடுக்கிறது என்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்க இந்த விலைக்கு வேறு கருவி கிடைக்காது, அதற்காக வாங்கலாம்.

பிராண்ட் பெயர் போடவில்லை. ஒரே அச்சில் வார்த்த பட்டன் ஆன்லைனில் பத்துப் பெயரில் விற்கிறது, இன்றைக்கு இருக்கிற பெயர் அடுத்த மாதம் இருக்காது. ஆறு பட்டன், அடியில் போட ஒரு ரப்பர் விரிப்பு, ஒரு குட்டிக் கையேடு, எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. பேட்டரி தரமாட்டார்கள். ஒரு பட்டனுக்கு இரண்டு ட்ரிபிள் ஏ என்றால் ஆறுக்கும் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், அது தனிச் செலவு.

பொருளாக எப்படி என்றால், பரவாயில்லை ரகம். பேட்டரி மூடிக்குத் திருகாணி வைத்திருக்கிறார்கள், இது ரொம்ப முக்கியம், கடித்துப் பிரித்து பேட்டரியை விழுங்கிவிட்டால் நாய்க்கு ஆபத்து. பட்டனின் நடுவில் அமுக்கினால் சட்டென்று பேசுகிறது, ஓரத்தில் அமுக்கினால் லேசாகச் சாய்ந்துவிட்டுச் சும்மா இருக்கிறது. நாய் என்ன அளந்து பார்த்தா கால் வைக்கும்? டைல்ஸ் தரையில் விரிப்பில்லாமல் வைத்தால் வழுக்கிக்கொண்டு சோபாவுக்கு அடியில் போய்விடுகிறது, விரிப்போடு வைத்தால் நிற்கிறது. பதிவு செய்கிற குட்டி பட்டன் அடிப்பக்கம் இருக்கிறது. தூசி தட்டுகிறேன் என்று தூக்கும்போது விரல் பட்டு, பழைய சொல் அழிந்து மிக்சி ஓடுகிற சத்தம் பதிவாகிவிட்டது, அதற்கு ஒரு பூட்டு வைத்திருக்கலாம். ஸ்பீக்கர் மட்டம். நம் குரல் தொண்டையில் சளி கட்டியவன் பேசுவதுபோல வருகிறது. நமக்கே இப்படியென்றால், மனிதக் காது இருபதாயிரம் ஹெர்ட்ஸோடு நின்றுவிடும்போது நாற்பத்தைந்தாயிரம் வரை கேட்கிற நாய்க்கு இது நம் குரலாகப் படுமா என்பதே சந்தேகம்தான்.

அப்புறம் நிறம். செட்டில் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், வெள்ளை, ஆரஞ்சு என்று ஆறு நிறம். நிறத்தை வைத்து நாய் சுலபமாக அடையாளம் கண்டுகொள்ளும் என்கிறது கையேடு. எழுதியவர் நாயின் கண்ணைப் பற்றி ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை போல. நம் கண்ணில் நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் மூன்று வகை, நாய்க்கு இரண்டே வகை. ஜே நைட்ஸ் என்கிற கண்பார்வை ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1989-இல் நாய்களுக்கு முன்னால் மூன்று ஒளித் திரைகளை வைத்து, நிறம் மாறியிருக்கிற திரையை மூக்கால் தொட்டால் தீனி என்று பழக்கி, இதைச் சோதித்தே காட்டிவிட்டார்கள். நீலமும் மஞ்சளும் நாய்க்கு நன்றாகத் தெரியும். சிவப்பு, பச்சை, ஆரஞ்சு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதற்குக் கிட்டத்தட்ட ஒரே சாயல், வெளிச்சம் கூடக் குறைய இருக்கிற வித்தியாசம்தான். அதனால் வாங்கினால் நீலத்தையும் மஞ்சளையும் முக்கியமான சொல்லுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைத் தள்ளித் தள்ளி வையுங்கள்.

மணி நாட்டு நாய். தெருவில் கிடைத்தவன், செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். கோவையில் எங்கள் தெருவில் அவனுக்கு இரண்டு சித்தப்பாக்கள் இன்னும் டீக்கடை வாசலில் படுத்துக் கிடக்கிறார்கள். அவனுக்கு 'வெளியே', 'சோறு', 'பந்து', 'மாடி' என்று நான்கு சொல் பதிந்தேன், என் குரலில். ஐந்தாவதில் என் மகள் அவள் இஷ்டத்துக்கு 'செவ்வாய்க்கிழமை' என்று பதிந்தாள். அதை அழிக்க வேண்டாம் என்று விட்டுவைத்தேன், ஏன் என்று பிறகு சொல்கிறேன். ஆறாவது முதல் வாரத்திலேயே மண்டையைப் போட்டுவிட்டது. விற்றவர்கள் மாற்றித் தருகிறோம், தருகிறோம் என்று மெயிலில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், இந்த நிமிடம் வரை வரவில்லை.

பழக்குவது கஷ்டமில்லை. நீங்கள் பட்டனை அமுக்கி, அது 'வெளியே' என்று சொன்ன அடுத்த நொடி கிரில் கேட்டைத் திறக்க வேண்டும். திரும்பத் திரும்ப இதையே செய்ய வேண்டும். இடையில் போன் வந்தது, செருப்பைக் காணோம் என்று தாமதித்தால் போச்சு, அமுக்கியதற்கும் திறந்ததற்கும் உள்ள தொடர்பு அதற்குப் பிடிபடாது. ஒரு நாள் தற்செயலாக அதுவே கால் வைக்கும், கேட் திறக்கும், அவ்வளவுதான், பிடித்துக்கொள்ளும். இது ஒன்றும் புதுசில்லை. 1898-இல் எட்வர்ட் தார்ன்டைக் என்கிற அமெரிக்க உளவியலாளர் பசித்த பூனைகளை மரக்கூண்டில் அடைத்து, உள்ளே கயிற்றையோ நெம்புகோலையோ இழுத்தால் கதவு திறக்கும் என்று வைத்து, ஒவ்வொரு முறையும் வெளியே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்தார். பூனை யோசித்துத் திறந்திருந்தால் ஒரே முறையில் நேரம் சடாரென்று குறைந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைந்தது. பிராண்டுவதும் கடிப்பதும் முட்டுவதுமாக இருந்ததில் எது கதவைத் திறந்ததோ அது மட்டும் ஒட்டிக்கொண்டது. மணியும் அப்படித்தான் கற்றான், அதைக் குறையாகச் சொல்லவில்லை, நான் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றதும் ஏறக்குறைய அப்படித்தான்.

இந்தப் பட்டன் மோகம் எங்கிருந்து வந்தது என்றால், அமெரிக்காவில் கிறிஸ்டினா ஹங்கர் என்கிற பேச்சுப் பயிற்சியாளர், பேச்சு வராத குழந்தைகளுக்குக் கொடுக்கிற கருவியின் எண்ணத்தில் 2018-இல் தன் நாய் ஸ்டெல்லாவுக்கு இப்படிப் பட்டன் வைத்துப் பழக்கினார், அந்த வீடியோக்கள் பரவின. அதன் பிறகு ஆளாளுக்கு நாய் தத்துவம் பேசுகிற வீடியோ போட ஆரம்பித்துவிட்டார்கள். நாய் இரண்டு பட்டனை அமுக்கும், அம்மணி அதற்கு நாலு வரி விளக்கம் கொடுப்பார், கீழே லட்சம் பேர் இதயம் போடுவார்கள்.

மணி 'சோறு' பட்டனை அமுக்க ஆரம்பித்ததும் எங்கள் வீட்டிலும் ஒரே ஆரவாரம்தான். என் மாமியார் மட்டும் ஊஞ்சலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, அது பட்டனையா பாக்குது? உம் மொகத்தையில்ல பாக்குது" என்றார்.

அத்தை பள்ளிக்கூடத்தில் எட்டோடு நின்றவர். விலங்கு அறிவைப் பற்றிய ஆராய்ச்சியில் நூறு வருஷத்துக்கு மேலாக எல்லாரும் பயப்படுகிற ஓட்டை எதுவோ அதைத்தான் அவர் சொன்னார். பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்று ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஹான்ஸ் என்று ஒரு குதிரை வைத்திருந்தார். கூட்டல், கழித்தல், தேதி, மணி எதைக் கேட்டாலும் குளம்பால் தரையைத் தட்டி விடை சொல்லும். காசு வாங்கிக் காட்டிய வித்தையும் இல்லை. 1904-இல் கார்ல் ஷ்டூம்ஃப் என்கிற உளவியல் பேராசிரியர் தலைமையில் ஒரு குழு வந்து பார்த்து, இதில் தந்திரம் எதுவும் இல்லை என்றே சொல்லிவிட்டுப் போனது. பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் பொறுமையாக உட்கார்ந்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபடி செய்தார், குதிரையின் கண்ணுக்குப் பக்கவாட்டில் மறைப்புக் கட்டினார். விடை தெரிந்த ஆள் கண்ணில் பட்டால் ஹான்ஸ் பாஸ், இல்லையென்றால் ஃபெயில். கேட்டவர்கள் கேள்வியை முடித்ததும் தலையை ஒரு மயிரிழை குனிகிறார்கள், சரியான எண்ணிக்கை வந்ததும் மயிரிழை நிமிர்கிறார்கள், குதிரை அதைப் பார்த்துத் தொடங்குகிறது, நிறுத்துகிறது. 1907-இல் இதை வெளியிட்டார். அதோடு விடவில்லை, தானே குதிரையாக நின்று, எதிரில் இருப்பவர் மனதில் நினைத்த எண்ணை மேசையில் தட்டிக் காட்டினார். 25 பேரில் 23 பேர் தங்களுக்கே தெரியாமல் தலையால் விடையைக் காட்டிக்கொடுத்தார்கள்.

எனக்கு இதில் பிடித்த விஷயம், ஹான்ஸ் முட்டாள் என்று நிரூபணமாகவில்லை என்பதுதான். கணக்கு தெரியாது, சரி. ஆனால் ஒரு ஆள் மனதில் எண்ணுவதை அவன் தலையசைவிலிருந்து, அத்தனை பேராசிரியர்களும் கோட்டைவிட்ட அசைவிலிருந்து, ஒரு குதிரை படித்திருக்கிறது. கணக்கு போடுகிற குதிரையைவிட எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

சரி, வீட்டுக்கு வருவோம். அத்தை சொன்னதைச் சோதிப்பது ரொம்ப எளிது. போனை ஷெல்ஃபில் சாய்த்து வீடியோவைப் போட்டுவிட்டு நான் சமையலறைக்குப் போய்விட்டேன், ஹாலில் யாரும் இல்லை. வழக்கமாக அவன் வெளியே போகிற நேரம். நான் ஹாலில் நிற்கும்போது நேராக 'வெளியே'வுக்குப் போகிறவன், ஆள் இல்லாதபோது முதலில் விரிப்பைச் சுற்றினான், பட்டனை முகர்ந்தான், சமையலறை வாசலைப் பார்த்தான், பிறகு 'வெளியே'வை அமுக்கினான். சில நாள் வேறெதையோ அமுக்கினான். பல நாள் வைத்துப் பார்த்ததில், ஆள் இல்லாவிட்டாலும் 'வெளியே', 'சோறு' இரண்டும் பெரும்பாலும் சரியாக வந்தன, 'பந்து'ம் 'மாடி'யும் குத்துமதிப்புதான். ஆக, அத்தை சொன்னது இரண்டு சொல்லுக்குப் பாதி சரி, மற்ற இரண்டுக்கு முழுக்கச் சரி.

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீடியோ போடுகிறவர்கள் யாரும் சொல்வதில்லை. இரண்டு பட்டன் இருக்கிறது, பத்து முறைக்கு ஏழு முறை நாய் சரியாக அமுக்கியது என்றால் ஆஹா என்கிறோம். எதுவுமே தெரியாமல் காசு சுண்டிப் போட்டுப் பார்த்தாலும் பத்துக்கு ஏழோ அதற்கு மேலோ வர நூற்றுக்குப் பதினேழு வாய்ப்பு இருக்கிறது, அதாவது ஆறு நாய் வளர்க்கிற தெருவில் ஒரு நாய் சும்மாவே மேதாவி ஆகிவிடும். அந்த வீட்டுக்காரர்தான் வீடியோ போடுவார். பத்துக்கு ஒன்பதோ பத்தோ என்றால் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கு வந்துவிடும், அப்போது யோசிக்கலாம்.

அடுத்த சோதனைதான் இந்த செட்டுக்குக் கொடுத்த காசு முழுவதும் வசூலான இடம். மணி மாடியில் இருந்தபோது 'வெளியே' பட்டனையும் 'சோறு' பட்டனையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு இடம் மாற்றி வைத்தேன். துடைத்தது வாசனைக்காக. தீனி வைத்த கையால் அமுக்கிய பட்டன் நாய்க்கு விளம்பரப் பலகை மாதிரி. ஆய்வுக்கூடங்களில் இரண்டு கிண்ணத்தில் எதில் தீனி இருக்கிறது என்று சோதிக்கும்போது இரண்டிலுமே தீனியைத் தேய்த்துவிடுவார்கள், மூக்கு வேலை செய்யக் கூடாது என்று. மாலை ஆனது. மணி வந்தான், இடது ஓரத்தில் எப்போதும் 'வெளியே' இருக்கிற இடத்தில் கால் வைத்தான், வைத்த கையோடு உடம்பு கேட் பக்கம் திரும்பிவிட்டது. பட்டன் என் குரலில் 'சோறு' என்றது. அப்படியே நின்றான். மடிந்த காதைத் தவிர மற்றது நிமிர்ந்தது. பட்டனைத் திரும்பிப் பார்த்தான், கேட்டைப் பார்த்தான், பிறகு விறுவிறுவென்று சமையலறைக்குள் போய்த் தட்டின் முன்னால் நின்றுகொண்டான்.

அந்த வீடியோவை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. அமுக்கும்போது அவன் தேர்ந்தெடுத்தது சொல்லை இல்லை, இடத்தை. இடது ஓரம் என்றால் கேட் திறக்கும், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. ஆனால் சொல் காதில் விழுந்ததும் அதற்கு உரிய இடத்துக்குப் போனான். பேசுவதற்கு அவனுக்குச் சொல் இல்லை, கேட்பதற்கு இருக்கிறது. கையேட்டில் இது இரண்டையும் போட்டுக் குழப்பி ஒன்றாகவே எழுதியிருக்கிறார்கள்.

ஆராய்ச்சியிலும் வலுவாக நிற்பது அந்தக் கேட்கிற பக்கம்தான். 2004-இல் ஜெர்மனியில் ஜூலியானே காமின்ஸ்கியும் சகாக்களும் ரிக்கோ என்கிற பார்டர் கோலி நாயைச் சோதித்தார்கள், இருநூறுக்கு மேல் பொருளின் பெயர் தெரியும் என்று வீட்டார் சொன்ன நாய். அவர்கள் செய்த முதல் காரியம் பொம்மைகளைப் பக்கத்து அறையில் வைத்தது, கொண்டு வா என்று சொல்கிறவர் முகமோ கண்ணோ நாய்க்கு உதவ முடியாது. அப்படியும் சரியாகக் கொண்டுவந்தது. தெரிந்த பொம்மைகளுக்கு நடுவே தெரியாத பொம்மை ஒன்றை வைத்து, இதுவரை கேட்காத பெயரைச் சொன்னால், தெரியாத பெயர் தெரியாத பொம்மைக்குத்தான் இருக்கும் என்று பெரும்பாலும் அதையே எடுத்தது. அதன் பிறகு அமெரிக்காவில் ஜான் பில்லி என்கிற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் தன் நாய் சேசருக்கு மூன்று வருஷம் தினமும் மணிக்கணக்கில் உட்கார்ந்து 1022 பொருளின் பெயரைக் கற்றுக்கொடுத்தார், 2011-இல் வெளிவந்தது. புடாபெஸ்டில் 2024-இல் 18 நாய்களின் தலையில் மின்முனைகளை ஒட்டிவைத்து, சொந்தக்காரர் குரலில் ஒரு பொருளின் பெயரைக் கேட்கவைத்து, அதே பொருளையோ வேறொன்றையோ காட்டினார்கள். பெயரும் பொருளும் ஒத்துப்போகாதபோது மூளை அலை மாறியது, நமக்கு மாறுகிற மாதிரியே. பந்து என்றால் பந்தை எதிர்பார்க்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

பட்டனையே எடுத்துச் சோதித்தவர்களும் உண்டு. சான் டியேகோவில் இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஃபெடெரிகோ ரோசானோவின் குழு. 2024-இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், பட்டன் பழகிய 59 நாய்களிடம் மனிதர்கள் பட்டனை அமுக்கியோ வாயால் சொல்லியோ பார்த்தார்கள். 'விளையாட்டு' என்றால் விளையாட்டுக்கான நடத்தை, 'வெளியே' என்றால் வெளியே போவதற்கான நடத்தை வந்தது, அமுக்கியது வீட்டுக்காரரா புது ஆளா என்பது பெரிதாகக் கணக்கில் வரவில்லை. மணி தட்டின் முன்னால் போய் நின்றானே, அதுதான் இது. அதே வருஷக் கடைசியில் இன்னொன்று வந்தது, 152 நாய்கள், 21 மாதம், நாய்கள் அமுக்கியது மட்டும் ஒரு லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரம் முறைக்குப் பக்கம். இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்குவது வெறும் குருட்டாம்போக்கு இல்லை, மனிதர் அமுக்கியதைப் பார்த்துக் காப்பி அடிப்பதும் இல்லை என்று சொல்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் அந்தத் தரவு வீட்டுக்காரர்கள் ஒரு செயலியில் தாங்களாகவே பதிவு செய்தது, அதோடு குருட்டாம்போக்கு இல்லை என்பதும் வாக்கியம் பேசுகிறது என்பதும் ஒன்றில்லை. அதில் எனக்குச் சிரிப்பு வந்த இடம், மனிதர்கள் ஆசை ஆசையாக அமுக்குகிற 'ஐ லவ் யூ' பட்டனை நாய்கள் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. நாய்கள் அமுக்கியதெல்லாம் வெளியே, தீனி, விளையாட்டு, ஒன்றுக்குப் போக வேண்டும், இவைதான் அதிகம்.

இப்போது 'செவ்வாய்க்கிழமை'க்கு வருகிறேன். அர்த்தமில்லாத ஒரு பட்டன் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கட்சி, அதை அமுக்கினால் ஒன்றும் கிடைக்காது, ஆகவே மற்ற பட்டன்களோடு ஒப்பிட்டுப் பார்க்க அது ஒரு அளவுகோல். கொஞ்ச நாளில் மணி அதைத்தான் விரும்பி அமுக்கினான். ஏனென்றால் நாய் 'செவ்வாய்க்கிழமை' என்று சொன்னதும் வீடே சிரிக்கிறது, மகள் ஓடிவந்து கொஞ்சுகிறாள். தீனி மட்டும்தான் கூலி என்று யார் சொன்னது? ஒரு நாள் 'செவ்வாய்க்கிழமை', 'சோறு' என்று அடுத்தடுத்து அமுக்கினான். வீடியோக்காரர் கையில் கிடைத்திருந்தால் செவ்வாய்க்கிழமை கறிச்சோறு கேட்கிறது என்று போட்டிருப்பார். நாங்கள் சிரிக்காமல் இருக்க ஆரம்பித்ததும் அந்தப் பட்டன் மெல்ல மெல்லப் படுத்துவிட்டது.

இதேபோல ஒரு கதை 1970-களில் நியூயார்க்கில் பெரிதாக நடந்தது. ஹெர்பர்ட் டெரஸ் என்கிற உளவியலாளர், நிம் என்கிற சிம்பன்சிக் குட்டிக்குச் சைகை மொழி கற்றுக்கொடுத்தார். நிறைய சைகை கற்றது, அடுக்கடுக்காகக் காட்டியது. பிறகு வீடியோக்களை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, ஆசிரியர் சற்று முன்னால் காட்டியதையே பெரும்பாலும் திருப்பிக் காட்டுகிறது என்று தெரிந்தது. நீளம் கூடினாலும் விஷயம் கூடவில்லை, கொடு, ஆரஞ்சு, எனக்கு, தின்ன என்று அதே நாலு சைகையை மாற்றி மாற்றி அடுக்கி, கடைசியில் ஒரு 'நீ' சேர்த்ததுதான் அதன் மிக நீண்ட வாக்கியம். நம்பித் தொடங்கியவர் அவர், 1979-இல் அவரே இது வாக்கியம் இல்லை என்று எழுதினார்.

இன்னொரு ரக வாசகமும் கையேட்டில் இருக்கிறது, அதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். 'சாரி' பட்டன் வைக்கச் சொல்கிறார்கள், தப்பு செய்துவிட்டு நாய் வந்து மன்னிப்பு கேட்குமாம். அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்கிற நாய் ஆய்வாளர் 2009-இல் 14 நாய்களை வைத்து இதைத் தெளிவாகப் பார்த்துவிட்டார். தின்னக் கூடாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் வெளியே போவார், நாய் தின்றதா இல்லையா என்பதை ஆய்வாளர் தீர்மானிப்பார், திரும்பி வரும் வீட்டுக்காரருக்குச் சில சமயம் பொய்யான தகவல் போகும். காதை மடக்கிக் கண்ணைத் தாழ்த்துகிற அந்தக் 'குற்ற உணர்ச்சி' முகம், தின்றதா என்பதைப் பொறுத்து வரவில்லை, திட்டினார்களா என்பதைப் பொறுத்து வந்தது. ஒன்றும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்தான் அதிகம் குறுகிப்போனது. நம் முகம் கோணினால் அதன் முகம் கோணுகிறது. இதற்குப் பட்டன் வேறு வைத்து, திட்டியதும் அமுக்கவைத்து, பாவம்.

நாட்டு நாய்க்கு இதெல்லாம் வருமா, லேப்ரடார் வாங்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருக்காக ஒரு தகவல். கொல்கத்தாவில் ஐசர் என்கிற அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களையே தெருவிலேயே வைத்து ஆராய்கிறது. 2020-இல் வந்த அவர்கள் ஆய்வில், முன்பின் தெரியாத ஆள் இரண்டு கிண்ணத்தில் ஒன்றைக் கையால் சுட்டிக்காட்டினார். ஏறத்தாழ பாதி நாய்கள் பக்கத்திலேயே வரவில்லை, மனிதனிடம் அவை பட்டிருக்கிற அடி அப்படி. வந்தவற்றில் ஏறத்தாழ எண்பது சதவீதம் காட்டிய கிண்ணத்துக்கே போயின. யாரும் பழக்கவில்லை, சொந்தக்காரரும் இல்லை. சுட்டு விரலைப் புரிந்துகொள்வதில் சிம்பன்சியையே நாய் மிஞ்சும் என்று 2002-இலேயே பிரையன் ஹேர் குழு காட்டியிருந்தது, ஆனால் அது வீட்டில் வளர்ந்ததால் வந்ததோ என்ற கேள்வி எப்போதும் இருந்தது. டீக்கடை வாசல் சித்தப்பாக்கள் அதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள். ஆகவே ஜாதி நாய் எல்லாம் வேண்டாம், பக்கத்தில் வருகிற நாயாக இருந்தால் போதும்.

இவ்வளவு சொன்னதும், அப்படியென்றால் நாய்க்கு ஒன்றும் தெரியாது என்கிறாயா என்று சண்டைக்கு வருவார்கள். இல்லை. லாயிட் மார்கன் என்கிற பிரிட்டிஷ் உளவியலாளர் 1894-இல் சொன்ன விதி ஒன்று இருக்கிறது, எளிய காரணத்தால் விளக்க முடிகிற செயலுக்கு உயர்ந்த அறிவைக் காரணமாகச் சொல்லாதே என்று. அவர் நாய் டோனி தோட்டக் கதவின் தாழ்ப்பாளைத் தலையால் தூக்கித் திறக்கும். அதை மட்டும் பார்த்தவர்கள் அசந்துபோவார்கள். கம்பி இடுக்கில் தலையை விட்டு விட்டு எடுத்து, தற்செயலாகத் தாழ்ப்பாள் தூக்கிக்கொண்ட நாள் முதல் பார்த்தவர் மார்கன் ஒருவர்தான். இந்தப் பட்டன் செட் உங்களை மார்கன் இடத்தில் உட்காரவைக்கும், முதல் நாளிலிருந்து நீங்கள் பார்ப்பீர்கள். அதுதான் எனக்கு இதில் பிடித்தது.

யார் வாங்கலாம்? பொறுமையும், பட்டனை அமுக்கியதும் எழுந்துபோய்க் கேட்டைத் திறக்கத் தெம்பும் இருப்பவர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கட்டாயம், இடம் மாற்றிவைத்துப் பார்ப்பது, எண்ணிக்கை குறிப்பது எல்லாம் அவர்கள் விளையாட்டாகவே செய்வார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் ராத்திரி விரிப்போடு சுருட்டிப் பரணில் போட்டுவிட வேண்டும். நடுராத்திரி இரண்டு மணிக்கு 'வெளியே, வெளியே' என்று கேட்டால் கீழ்வீட்டுக்காரர் உங்களை வெளியே அனுப்பிவிடுவார். பட்டனை அமுக்கிக் கேட்டும் நீங்கள் கொடுக்கப் போவதில்லை என்றால் அந்தச் சொல்லைப் பதியவே பதியாதீர்கள், நாய் பட்டனையே விட்டுவிடும்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். ஒன்று ஸ்பீக்கருக்காகவும் செத்துப்போன ஆறாவது பட்டனுக்காகவும் குறைத்தது, இன்னொன்று அந்தக் கையேட்டுக்காக. ஆறு வாங்க வேண்டாம், நான்கு பட்டன் செட் கிடைக்கிறது, அதுவே தாராளம். மூன்றில் நாய்க்கு வேண்டியதைப் பதியுங்கள், நான்காவதில் உங்கள் வீட்டில் யாரும் சிரிக்காத ஏதாவது ஒரு சொல்லைப் பதியுங்கள். ஆர்டர் போடும்போதே ட்ரிபிள் ஏ பேட்டரியும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.